ஏற்றத்தில் தலை, இறக்கத்தில் தோள்

மலையும் ஏரியும் தவிர வேறு சொத்து இல்லாத நாடு ஒன்று இருந்தது. இம்பாரா என்று பெயர். ஏரி கீழே, வீடுகள் மேலே, நடுவில் ஒரே ஒரு ஒற்றையடிப் பாதை. அங்கே பிறந்தவர்கள் வாழ்நாளில் பாதியை ஏறுவதிலும் மீதியை இறங்குவதிலும் கழித்தார்கள். ஏறும்போது தண்ணீர்க் குடம் தலையில் சும்மாட்டின் மேல் இருக்கும். வேரையும் பாறையையும் பிடித்து ஏற இரண்டு கையும் வேண்டுமல்லவா. இறங்கும்போது சந்தைக்குப் போகிற வாழைத்தார் தோளில் இருக்கும். சரிவில் தலைச்சுமை ஆளை முன்னால் தள்ளிவிடும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. நடக்கக் கற்ற பிள்ளைக்கு இதுவும் கூடவே வந்துவிடும்.

கடல் தாண்டி வந்த குடைத்துரை ஒருநாள் காலையில் அந்தப் பாதையின் நடுவில் நாற்காலி போட்டு, குடையை விரித்து உட்கார்ந்தார். இம்பாராவில் எத்தனை வகை மனிதர்கள் இருக்கிறார்கள் என்று கண்டறிந்து வரச்சொல்லி அவருடைய ராஜா அனுப்பியிருந்தார். துரை பிறந்த ஊர் தோசைக்கல் மாதிரி தட்டையானது. ஏற்றம் இறக்கம் என்ற விஷயமே அவருக்குத் தெரியாது. சிலர் தலையில் சுமந்தபடி மேலே போனார்கள். சிலர் தோளில் சுமந்தபடி கீழே போனார்கள். மதியத்துக்குள் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நாட்டில் இரண்டு இனம். ஒன்று தலையார், மற்றது தோளார். அங்கேயே அவரவர் கழுத்தில் செப்பு வில்லை மாட்டப்பட்டது.

மதியத்துக்கு மேல், இறங்கியவர்கள் எல்லாரும் தண்ணீர்க் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பி ஏறினார்கள். ஆனால் துரை அதற்குள் சாப்பிடப் போய்விட்டார்.

சாயங்காலமும் வந்து பார்க்கும்படி ஊர்க்காரர் ஒருவர் துரையிடம் வேண்டிக்கொண்டாராம். துரை சிரித்துவிட்டு, ரத்தம் பொய் சொல்லாது என்றாராம். அந்த வாக்கியம் பிற்பாடு பாடசாலைச் சுவர்களில் எழுதப்பட்டது.

அன்று காலை ஒருத்தி முதுகில் கைக்குழந்தையைக் கட்டிக்கொண்டு குடத்தோடு ஏறிவந்தாள். எதிரே அவள் புருஷன் வாழைத்தாரோடு இறங்கினான். வழியில் இருவரும் சிரித்துக்கொண்டார்கள். இரவு ஒரே கூரைக்கு வந்து சேர்ந்தபோது அவள் ஒரு இனம், அவன் வேறு இனம். முதுகில் இருந்த குழந்தை தலையார். அந்தக் குழந்தையின் பேத்திதான் இந்தக் கதையில் வரும் நியாரி.

இன்னொரு சங்கதியும் உண்டு. துரை வந்தது சந்தை நாள். சந்தை நாளில் ஏறுகிறவர்களைவிட இறங்குகிறவர்கள் அதிகம். தோளார் பெரும்பான்மை ஆனதும் தலையார் சிறுபான்மை ஆனதும் அப்படித்தான். வேறு நாளில் வந்திருந்தால் சரித்திரம் தலைகீழாகப் போயிருக்கும்.

தோளைவிடத் தலை உயரத்தில் இருக்கிறது, ஆகவே அறிவும் அங்கேதான் இருக்கும் என்று துரைமார் முடிவுகட்டினார்கள். தலையார்க்குச் சர்க்கார் கச்சேரியில் உத்தியோகமும் கையில் சாட்டையும் கத்தியும் கிடைத்தன. தோளார்க்கு ரோடு போடும் வேலையும் முதுகில் அந்தச் சாட்டையும் கிடைத்தன. கயிறு கொண்டு வந்து கழுத்தை அளந்த பண்டிதர்களும் உண்டு. அவர்களுக்கு வேண்டிய அளவே கிடைத்தது. கடைசியில் துரைமார் கப்பலேறிய நாளில், பெரும்பான்மைக்கே ஆட்சி என்ற புதுத் தர்மத்தைச் சொல்லிவிட்டுச் சாவியைத் தோளார் கையில் கொடுத்தார்கள். கத்தியை மட்டும் தலையார் கையிலிருந்து வாங்க மறந்துவிட்டார்கள்.

சுதந்திர இம்பாராவின் முதல் அதிபர் பெருந்தோள் முகோசா. கழுத்தில் தொங்கும் செப்பு வில்லை அடிமைச் சின்னம் என்று முதல் கூட்டத்திலேயே முழங்கினார். எல்லாரும் வில்லையைக் கழற்றி எறிந்தார்கள், அழுதார்கள், ஆடினார்கள். எறிந்த செம்பையெல்லாம் உருக்கி அதிபரின் வலது தோளுக்குச் சிலை வைத்தார்கள். தோள் மட்டும்தான். அதற்குமேல் தலை வைப்பது தேசத்துரோகம் ஆகிவிடும் அல்லவா?

சிலை திறந்த சாயங்காலமே சிக்கல் தொடங்கிவிட்டது. வில்லை போனபின் யார் எந்த இனம் என்று யாருக்கும் தெரியவில்லை. பெரும்பான்மை எங்கே என்று பெரும்பான்மைக்கே தெரியாமல் போனால் ஆட்சி எப்படி நடக்கும்? அமைச்சரவை கூடி யோசித்தது. மறுவாரம் தமுக்கு அடித்துச் சொன்னார்கள்: "இம்பாரா மக்களுக்கு அரசு அறிவிப்பது யாதெனில், தோளார் அனைவரும் ஏற்றத்திலும் இறக்கத்திலும் தோளில் மட்டுமே சுமத்தல் வேண்டும். தலையார் அனைவரும் ஏற்றத்திலும் இறக்கத்திலும் தலையில் மட்டுமே சுமத்தல் வேண்டும். இஃதே நம் முன்னோர் மரபு."

அதன்பிறகு ஏறிய தோளார் வீட்டுக்குப் பாதிக் குடம் கொண்டுவந்தால் பெரிது. இறங்கிய தலையார் வாழைத்தாரோடு உருண்டார்கள். ஏரி நிறைய தண்ணீர் கிடக்க, வீடுகளில் பிள்ளைகள் தாகத்தில் அழுதன. சுமைத்துறை அமைச்சர் நேரில் வந்து பார்வையிட்டு, குடத்தின் அடி உருண்டையாக இருப்பதே காரணம், இதில் குயவர்களின் சதி இருக்கிறது என்று கண்டுபிடித்தார். குயவர்களைச் சிறையில் வைத்தார்கள். பிறகு குடமும் கிடைக்கவில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்களே, இங்கே பிடித்தவர்கள் குரங்கைத்தான் பிள்ளையார் என்று சாதித்தார்கள்.

இந்த உத்தரவுகளில் ஒவ்வொன்றும் கடைசியில் நியாரியின் அடுக்களைக்குத்தான் வந்து சேர்ந்தது. அவள் பிறப்பால் தலையார். அவள் புருஷன் காசிரு தோளார், வாழைத்தார் வியாபாரி. வில்லையைப் பார்த்து ஊரே கேலி பேசிச் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில் நடந்த கல்யாணம் அது. வில்லை போனபின் அவளும் தோளில் சுமந்து, தோளார் போலவே காலம் தள்ளினாள். அவர்களுக்கு ஒரே மகள், லுவே. ஏழு வயது. எங்கே போனாலும் ஒரு வெள்ளாட்டுக் குட்டியோடுதான் போவாள்.

அந்த ஏழு வயதுதான் நியாரியின் வயிற்றில் நெருப்பைக் கட்டியது. பாதி மலையில், துரை நாற்காலி போட்ட அதே இடத்தில், அரசு சுமைவாயில் என்று ஒன்றைக் கட்டியிருந்தது. ஏழு வயது முடிந்த ஒவ்வொரு பிள்ளையையும் அடுத்த மழைக்குள் அங்கே நிறுத்த வேண்டும். முன்னால் ஒரு குடம் தண்ணீர் வைப்பார்கள். பிள்ளை அதை எங்கே தூக்கி வைக்கிறதோ அதுதான் அதன் இனம். பிள்ளைக்குப் பொய் தெரியாது என்பது அரசின் நம்பிக்கை.

லுவேயைத் தோளில் வைக்கப் பழக்கினால் முடிந்துபோகிற காரியம்தானே என்று தோன்றும். முடியாது. சாவி கைமாறியதும் கத்தியோடு காட்டுக்குள் போயிருந்த தலையார் படை கெத்தாரு என்ற தளபதியின் கீழ் திரண்டு, அடிக்கடி இறங்கிவந்து வாயிலைப் பிடித்துக்கொள்ளும். சில நாளில் அரசுப் படை வந்து மீட்கும். தோளார் உட்கார்ந்திருக்கும் நாளில் தலையில் வைத்த பிள்ளையும் அதன் குடும்பமும் கீழ் முகாமுக்குப் போக வேண்டும். தலையார் உட்கார்ந்திருக்கும் நாளில் தோளில் வைத்தால் மேல் முகாம். இரண்டு முகாமிலும் சாப்பாடு நன்றாக இருப்பதாக இரண்டு தரப்பும் அறிவித்திருந்தன. போனவர் யாரும் திரும்பிவந்து அதை உறுதிசெய்யவில்லை. ஆளை அகப்படுத்த வசதியாக இரு தரப்பும் வாயிலில் கொடி ஏற்றுவதையும் விட்டுவிட்டன. கடைசி வளைவு திரும்பி வாயிலுக்குள் போகும்வரை அன்றைக்கு யார் ராஜ்யம் என்று தெரியாது.

பக்கத்து வீட்டு தொம்பே தன் மகனைத் தோளுக்குப் பழக்கி அழைத்துப் போனாள். அன்று கெத்தாருவின் ஆட்கள் இருந்தார்கள். அவள் வீட்டுக் கதவு இன்னும் சாத்தியே கிடக்கிறது. அவள் காயப்போட்ட துணியை நியாரிதான் எடுத்து மடித்து வைத்தாள்.

நியாரி மகளுக்கு இரண்டையும் பழக்கிப் பார்த்தாள். காலையில் தலை, மாலையில் தோள். லுவே சொன்னபடி செய்வாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் குடத்தின் முன்னால் நின்று, தாயின் முகத்தைப் பார்த்து ஒரே கேள்வியைக் கேட்பாள்.

"அம்மா, இன்னிக்கு எங்க வைக்கணும்?"

வாயிலில் நின்று இந்தக் கேள்வியைக் கேட்டால் அதோடு கதை முடிந்தது. மழை மேகம் தெரிந்தாலே நியாரி மகளைக் கூப்பிட்டு மறுபடி குடத்தின் முன்னால் நிறுத்துவாள்.

காசிரு சமாதானம் சொல்லிப் பார்த்தான். "இப்ப ஒரு வாரமா நம்ம பக்கத்து ஆளுங்கதான் இருக்காங்களாம். தோள்ல வச்சா போதும், நியாரி."

"எது நம்ம பக்கம்?" என்றாள் அவள்.

அவன் வாழைத்தாரைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தான். கட்டிய முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது அந்த வீட்டில் பழமொழியாக இருக்கவில்லை, அன்றாடமாக இருந்தது.

அன்று மத்தியானம் லுவே கொல்லையில் தனியாக விளையாடிக்கொண்டிருந்தாள். குட்டியைத் தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்தாள். பிறகு குட்டியை இறக்கிவிட்டு, யாரும் சொல்லாமலே குடத்தைத் தூக்கி அதே போல இடுப்பில் வைத்து ஒரு கையால் அணைத்துக்கொண்டாள். சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை. இம்பாராவில் யாரும் இடுப்பில் சுமந்து நியாரி பார்த்ததில்லை. அங்கே குழந்தையைக்கூட முதுகில்தான் கட்டுவார்கள். ஓடிப்போய்க் குடத்தைப் பிடுங்கினாள். பிடுங்கிய பிறகு அப்படியே நின்றுவிட்டாள். தலையும் இல்லை, தோளும் இல்லை. இதற்கு எந்த முகாம்?

மறுநாளிலிருந்து லுவேக்கு இடுப்பு ஒன்றுதான் பாடம். அவள் கேள்வி கேட்பதையும் விட்டுவிட்டாள்.

சோதனைக்குப் போன நாளில் வாயிலில் இருந்தவர் முதுநிலைச் சுமை ஆய்வாளர் பெராசு. அரசுத் தரப்பு. பழைய துரையின் குடை அரசுச் சொத்தாகப் பாதுகாக்கப்பட்டிருந்தது. கம்பி உடைந்த அந்தக் குடையின் கீழ் அவர் அமர்ந்திருந்தார். குடம் வைக்கப்பட்டது. லுவே குனிந்து தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நாலு எட்டு நடந்து திரும்பி வந்து நின்றாள்.

பெராசு எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். சிப்பாய்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சிறுமியே, இஃது என்ன வகைச் சுமப்பு?" என்று கேட்டார்.

"குட்டிய இப்படித்தான் தூக்குவேன். விழாது" என்றாள் லுவே.

சட்டத்தில் தலைக்குத் தண்டனை இருந்தது, தோளுக்கு மரியாதை இருந்தது, இடுப்புக்கு ஒரு வரிகூட இல்லை. சட்டத்தில் இல்லாததைச் செய்தால் பெராசுவின் உத்தியோகம் போகும். விஷயம் தலைநகரின் பரிசீலனைக்கு அனுப்பப்படுகிறது, அதுவரை போகலாம் என்றார். நியாரி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வளைவு தாண்டும்வரை நிதானமாக நடந்தாள். தாண்டியதும் பாதையிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

இந்த மாதிரிச் செய்திக்குக் கால் முளைக்கச் சொல்லவா வேண்டும்? ஏழு வயதுப் பிள்ளை இருந்த வீடெல்லாம் இடுப்புக்கு மாறியது. அடுத்த முறை தலையார் படை வாயிலைப் பிடித்தபோது அவர்களும் இதே திகைப்பில் பிள்ளைகளை விட்டுவிட்டார்கள். பிறகு தாய்மாரும் இடுப்பில் வைக்கத் தொடங்கினார்கள். தோளார் பெண்ணும் தலையார் பெண்ணும் ஒரே மாதிரி ஒருபக்கம் சாய்ந்து, மற்றக் கையால் வேரைப் பிடித்து மெல்ல ஏறுவதைப் பார்க்க வேடிக்கையாகக்கூட இருந்தது. அந்த மழைக்காலம் முழுக்க ஒரு பிள்ளையும் முகாமுக்குப் போகவில்லை. ஊரில் கதவுகள் திறந்திருந்தன. அத்தனை பெரிய மனிதர்களையும் தன் மகளின் இடுப்பு தோற்கடித்துவிட்டது என்று நியாரி உள்ளுக்குள் பெருமைப்பட்டாள். வெளியே சொல்லவில்லை. சொன்னால் கண்பட்டுவிடும் என்ற பயம்.

பரிசீலனை முடிந்தது.

பழைய துரையின் பேரன் அமைதித் தூதராகக் கப்பலில் வந்து இறங்கினார். நல்ல மனிதர். இம்பாரா மொழி பேசினார், பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார், சொந்தமாகப் புதுக் குடையும் கொண்டுவந்திருந்தார். தாத்தா உட்கார்ந்த இடத்திலேயே நாற்காலி போட்டு ஒரு காலை முழுக்கக் கவனித்தார். மதியத்துக்குள் அவருக்கும் எல்லாம் விளங்கிவிட்டது. தாத்தா காலத்தில் கண்ணுக்குத் தப்பிய மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது. இடுப்பார். மலையில் ஏறவும் இறங்கவும் அவர்கள் ஒரே மாதிரி சுமப்பதால் மலையில் பிறந்தவர்களாக இருக்க முடியாது. ஏரிக்கு அப்பாலிருந்து ரகசியமாக வந்தவர்கள். அந்த இனத்தில் பெரும்பாலும் சிறு பிள்ளைகளும் தாய்மாருமே இருப்பது ஏன் என்று ஒரு பத்திரிகைக்காரர் கேட்டதற்கு, இளமையான இனம் என்று சுமைத்துறை அமைச்சர் விளக்கினார்.

பெருந்தோள் முகோசாவும் தளபதி கெத்தாருவும் செப்புத் தோளின் கீழ் சந்தித்துக் கட்டித் தழுவிக்கொண்டார்கள். ஊரே திரண்டிருந்தது. இரண்டு கொடியும் முதல்முறையாக ஒரே கம்பத்தில் ஏறின. சண்டை தீர்ந்தது என்று கேட்டதும் நியாரியும் கூட்டத்தோடு கூட்டமாக அழுதாள். தொம்பேயின் மகன் திரும்பி வருவானோ என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். அப்புறம்தான் ஒப்பந்தத்தை வாசித்தார்கள்.

"ஒரே மலையின் பிள்ளைகளாகிய தலையாரும் தோளாரும் இத்தனை காலம் தம்முள் பூசலிட்டமைக்குக் காரணம், ஊடே புகுந்த அந்நியர் என்பது இன்று தெளிவாயிற்று. இம்மலையில் இரு இனத்தார்க்கே வழி உண்டு. எனவே இடுப்பார் தாம் வந்த வழியே திரும்பிச் செல்லுதல் வேண்டும். அவர்கள் வந்த வழி எது என்பதை நிபுணர் குழு ஆராய்ந்து வருகிறது. அது தெரியும்வரை அவர்கள் நடு முகாமில் தங்க வைக்கப்படுவர்."

கைதட்டல் அடங்க நெடுநேரம் ஆயிற்று.

நியாரி மறுபடி மகளை உட்கார வைத்துப் பழக்கினாள். தலையில் வை, தோளில் வை, எங்கே வேண்டுமானாலும் வை, இடுப்பு மட்டும் வேண்டாம். இப்போது தலையும் தோளும் இரண்டுமே செல்லும். ஆனால் லுவேயின் கை குடத்தைத் தொட்டதும் இடுப்புக்கே போயிற்று. அதட்டினால் நின்று, முகத்தைப் பார்த்து, பழைய கேள்வியைக் கேட்டாள். இடுப்பாரைப் பிரித்தெடுக்க எல்லாப் பிள்ளைகளையும் தாய்மாரையும் வாயிலில் மறுபடி சோதிப்பதாக அரசு குறித்திருந்த நாள் நெருங்கியது. ஏரிக்கரையில் மீன்படகுக்காரர்கள் சிலர் ஆட்களை அக்கரைக்குக் கொண்டுபோவதாகப் பேச்சு இருந்தது. ஆனால் கரைக்குப் போக வாயிலைத் தாண்ட வேண்டும்.

புறப்படும் முன் அவள் காசிருவிடம் சொன்னாள்: "நீங்க தோள்ல தாரோட பக்கத்துலயே நில்லுங்க. எல்லாரும் என்னப் பார்க்கிற நேரத்துல புள்ளயக் கூட்டிட்டு இறங்கிடுங்க. திரும்பிப் பார்க்காதீங்க."

"உன்ன ஏன் பார்ப்பாங்க?" என்றான் அவன்.

அவள் சும்மாட்டை எடுத்து வைத்துக்கொண்டு நடந்தாள்.

வாயிலில் பெராசுவும் கெத்தாருவின் அதிகாரியும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரே தட்டில் கடலை கொறித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் புதுக் குடையின் கீழ் தூதர். பின்னால் நீண்ட வரிசை. எல்லா வீட்டுப் பிள்ளைகளும் தாய்மாரும். லுவேயின் முன் குடம் வைக்கப்பட்டது. அவள் குனியவில்லை. குடத்தைப் பார்த்தாள், ஒரே கம்பத்தில் ஆடிய இரண்டு கொடியையும் பார்த்தாள், பிறகு தாயை நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, இன்னிக்கு எங்க வைக்கணும்?"

தெளிவான குரல். கடலை கொறிப்பது நின்றது. வரிசையில் இருந்த பிள்ளைகள் எல்லாம் தங்கள் தங்கள் தாயின் முகத்தை அண்ணாந்து பார்த்தன.

நியாரி சும்மாட்டைக் கீழே போட்டாள். மகளை ஒதுக்கிவிட்டுக் குனிந்து குடத்தை எடுத்தாள். எங்கே வைத்தால் அத்தனை கண்ணும் தன்மேல் விழும் என்று அவளுக்குத் தெரியும். அங்கேயே வைத்தாள். வைத்துக்கொண்டு, கீழே போகிற பாதைக்கு முதுகைக் காட்டி, மேட்டுப் பக்கமாக மெல்ல நடந்தாள். சிப்பாய்கள் அவளைச் சுற்றி ஓடிவந்தார்கள். பெராசு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். அந்த இரைச்சலில், தோளில் தாரும் கையில் மகளுமாக ஒருவன் வாயிலைக் கடந்து இறங்கிப் போனதை யாரும் கவனிக்கவில்லை. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. சிறுமி பார்த்தாள்.

தூதருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. குடையை மடக்கிக் கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"பார்த்தீர்களா? ரத்தம் பொய் சொல்லாது."

கூட்டத்தில் நியாரியைப் பிறந்த நாளிலிருந்து அறிந்தவர்கள் இருந்தார்கள். அவள் சிறுமியாகக் கழுத்தில் தலையார் வில்லையோடு ஓடியாடியதைப் பார்த்தவர்கள், அவள் கல்யாணத்தில் சாப்பிட்டவர்கள், போன மாதம்வரை அவளைப் பார்த்து இடுப்பில் குடம் வைத்தவர்கள். அவர்கள் எல்லாரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.